ஓர் இளம் சிப்பாயின் கதையைப் படங்களும் காணொளியும் சொல்லும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் தளபதிகளுக்குப் பெயர் உண்டு, படைப்பிரிவுகளுக்கு எண் உண்டு. பதினெட்டு, இருபது வயதில் சீருடை அணிந்துகொண்டு போன பிள்ளைக்கு அங்கே என்ன நேர்ந்தது, அவர் எப்படி மாறினார் என்பதை அறிய நமக்குப் பெரும்பாலும் நிழற்படங்களும் காணொளிகளும்தான் துணை. அவற்றை எப்படிப் பார்ப்பது, எதை நம்புவது, எதைக் கேள்விக்கு உட்படுத்துவது என்பது பற்றி மாணவர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1860களின் உள்நாட்டுப் போர் தொடங்கி ஈராக், ஆப்கானிஸ்தான் வரை அந்நாட்டுச் சிப்பாய்களின் படங்கள் பொதுவெளியில் தொடர்ச்சியாகக் கிடைப்பதே அதற்குக் காரணம்.

போர்க்களப் படத்துக்கும் சிப்பாயின் கதையைச் சொல்லும் படத்துக்கும் என்ன வேறுபாடு?

போர்க்களப் படம் ஒரு நிகழ்வைக் காட்டுகிறது. குண்டு வெடித்தது, கட்டடம் எரிந்தது, வீரர்கள் ஓடினார்கள் என்று அது சொல்லும். ஓடுகிறவர் யார் என்று பெரும்பாலும் சொல்லாது. சிப்பாயின் கதையைச் சொல்லும் படத்துக்கு அந்த ஒருவரின் முகம் வேண்டும், பெயர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முன்னும் பின்னும் வேண்டும். அவர் நேற்று எங்கே இருந்தார், நாளை எங்கே இருப்பார் என்பது தெரிந்தால்தான் இன்று அவர் முகத்தில் இருப்பது களைப்பா, அச்சமா, வெறுமையா என்பதை நம்மால் ஓரளவேனும் கணிக்க முடியும். ஆகவே இத்தகைய பணிகளில் துப்பாக்கி தென்படும் படங்களைவிடத் துப்பாக்கி இல்லாத படங்களே எண்ணிக்கையில் மிகுந்திருப்பதைப் பார்க்கலாம்.

இவ்வகைப் பணிக்கு முதலில் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு எது?

கொலராடோ மாநிலத்தின் டென்வர் போஸ்ட் நாளிதழில் 2009 செப்டம்பரில் வெளிவந்த ஈயன் ஃபிஷர் என்ற இளைஞரின் கதையை முதலில் பார்க்கச் சொல்வேன். அந்நாளிதழின் புகைப்படக் கலைஞர் கிரெய்க் எஃப். வாக்கர் 27 மாதங்கள் அந்த ஒரே இளைஞரைப் பின்தொடர்ந்தார். 2007இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இராணுவத்தில் சேர்ந்தது, பயிற்சி முகாம், ஈராக், மீண்டும் வீடு என்று கதை நகர்கிறது. ஈராக் போரில் அமெரிக்கப் படையினர் மிக அதிகமாக உயிரிழந்த ஆண்டு 2007 என்பதை நினைவில் வைத்தால், அந்த ஆண்டில் கையெழுத்திட்ட ஒரு பள்ளி மாணவரின் படத்தைப் பார்க்கும்போது அவருடைய பெற்றோர் எதை நினைத்து அஞ்சியிருப்பார்கள் என்பது விளங்கும்.

இந்தப் பணிக்கு இதழியலுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் புலிட்சர் பரிசு 2010இல் கிடைத்தது. போர்க்காட்சிகளுக்காகக் கிடைத்த பரிசாக அதை நான் பார்க்கவில்லை. அத்தொடரில் சண்டை அரிது. நண்பர்களோடு திரிவதும், காதலில் மனம் கசப்பதும், வீட்டாரிடம் விடைபெறுவதும், சேர்ந்தது சரிதானா என்று தடுமாறுவதும்தான் அதிகம். பத்தொன்பது வயதில் எவருக்கும் நேரக்கூடிய குழப்பங்கள் அவை. ஆனால் இங்கே அவை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு விட்டவருக்கு நேர்கின்றன. நினைத்தால் விட்டுவிட்டு வர முடியாது. அந்த நெருக்கடியை எந்த ஒரு படமும் தனியாகச் சொல்லிவிடவில்லை. பட வரிசைதான் அதைச் சொல்கிறது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளிதழ் ஒரு கலைஞருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனிதரைப் பின்தொடர இடம் கொடுத்திருக்கிறது. அந்த இளைஞர் என்ன ஆவார், கதை எங்கே முடியும், அல்லது கதையென்று ஒன்று அமையுமா என்பதே தொடக்கத்தில் எவருக்கும் தெரிந்திருக்க முடியாது. முடிவு தெரியாமல் காத்திருந்ததால்தான் அந்தப் பணிக்கு அந்த உண்மை வாய்த்தது என்பது என் துணிபு.

அவ்வளவு நீண்ட காலம் தேவைதானா? ஒரே நாளில் ஒரு சிப்பாயின் கதையைச் சொல்ல முடியாதா?

முடியும், அரிதாக. 1965 மார்ச் 31 அன்று வியட்நாமின் டா நாங் தளத்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க மரைன் படையின் (கடற்படை சார்ந்த தாக்குதல் படை) ஹெலிகாப்டர் ஒன்றில் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் லாரி பரோஸ் ஏறினார். யாங்கி பாப்பா 13 என்பது அந்த ஹெலிகாப்டரின் அழைப்புப் பெயர். அதில் பணியாளர் தலைவராகவும் இயந்திரத் துப்பாக்கி இயக்குபவராகவும் இருந்த ஜேம்ஸ் ஃபார்லிக்கு அப்போது 21 வயது. தென் வியட்நாமியக் காலாட்படையினரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரும் வழக்கமான பயணமாகவே அது தொடங்கியது. இறங்கும் இடத்தில் எதிரிகள் காத்திருந்தார்கள்.

பரோஸ் ஒரு கேமராவை ஹெலிகாப்டரின் வெளிப்புறத்தில், இயந்திரத் துப்பாக்கிக்கு அருகே, உள்நோக்கிப் பார்க்கும்படி பொருத்தியிருந்தார். அதனால் துப்பாக்கியின் பின்னால் நின்ற ஃபார்லியின் முகம் நேருக்கு நேராகக் கிடைத்தது. புறப்படும் முன் அவர் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவரும் படத்தில் விளையாட்டுக்குப் போகும் பிள்ளையின் இலகுவான நடை இருக்கிறது. பின்னர், சுட்டு வீழ்த்தப்பட்ட மற்றொரு ஹெலிகாப்டரை நோக்கி அவர் ஓடுகிறார். அதன் விமானியை வெளியே இழுக்க முடியாமல் திரும்புகிறார். அந்த ஹெலிகாப்டரிலிருந்து காயத்தோடு இவர்களிடம் வந்து ஏறிய இருவரில் ஒருவர், இளம் அதிகாரி, ஃபார்லியின் காலடியிலேயே உயிர்விடுகிறார். ஃபார்லி வாய்திறந்து ஏதோ கத்துகிறார். கடைசிப் படத்தில், தளத்துக்குத் திரும்பிய பின், பொருட்கள் வைக்கும் ஒரு கொட்டகையில், ஒரு பெட்டியின் மேல் முகம் புதைத்து அழுகிறார்.

1965 ஏப்ரல் 16 தேதியிட்ட லைஃப் என்ற அமெரிக்கப் பட இதழ் இந்த வரிசையை வெளியிட்டது. சில மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் வேறு மனிதராவதை வாசகர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்கள். இங்கும் முதல் படம் இல்லையென்றால் கடைசிப் படத்துக்கு இந்த வலிமை வந்திராது. அழும் சிப்பாயின் படங்கள் எவ்வளவோ உண்டு. காலையில் அந்த நடையைப் பார்த்துவிட்டதால்தான் மாலையில் அந்த அழுகை நம்மைத் தாக்குகிறது. பரோஸ் 1971 பிப்ரவரியில் லாவோஸ் நாட்டின் மேல் பறந்த ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதில், உடன் சென்ற மூன்று புகைப்படக் கலைஞர்களோடு இறந்தார்.

ஒரே ஒரு படம் புகழ் பெற்றுவிட்டால் அந்தச் சிப்பாய்க்கு அதனால் என்ன ஆகிறது?

2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த சண்டையின்போது லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழின் லூயிஸ் சின்கோ, கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த 20 வயது மரைன் ஒருவரின் முகத்தை நெருக்கமாக எடுத்தார். முகமெங்கும் அழுக்கும் இரத்தக் கறையும், உதட்டில் ஒரு சிகரெட், எங்கோ நிலைத்த பார்வை. அமெரிக்க நாளிதழ்கள் பல அதை முதல் பக்கத்தில் வெளியிட்டன. சிகரெட் விளம்பரங்களில் வரும் முரட்டு ஆண்மகனின் பெயரை அவருக்குச் சூட்டி, அஞ்சாத வீரத்தின் அடையாளமாக அவரை நாடே கொண்டாடியது.

அந்த முகத்துக்கு உரியவரோ ஊர் திரும்பிய பின் போரின் மனக்காயத்தால் உறக்கமிழந்து துன்புற்று, படையிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். மக்கள் வீரத்தைக் கண்ட அதே பார்வையில் முற்றும் ஓய்ந்துபோன ஒரு மனது இருந்திருக்கிறது. சின்கோ அவரைத் தேடிச் சென்று, அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்தார். ஒரு கட்டத்தில் கேமராவை விட்டுவிட்டு, அவரைத் தாமே அழைத்துக்கொண்டு கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள சிகிச்சை மையம் வரை சென்றார். செய்தியாளர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியைக் காட்டி இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சின்கோவின் பக்கம் நிற்கிறேன். தாம் செய்ததை அவர் மறைக்காமல் எழுதினார். வாசகருக்கு அவர் செலுத்த வேண்டிய நேர்மை அவ்வளவுதான். படத்தால் ஒருவரை உலகறியச் செய்துவிட்டு, அவர் மூழ்கும்போது கரையில் நின்று மற்றொரு படம் எடுப்பதை எந்தத் தொழில் விதியும் கட்டாயமாக்க முடியாது.

நிழற்படம் சொல்லாத எதைக் காணொளி சொல்கிறது?

குரலை. ஒருவருடைய வட்டார வழக்கு, பேச்சில் தயங்கும் இடம், பதில் சொல்லும் முன் வரும் மௌனம், சிரிப்பு ஆகியவற்றை நிழற்படம் காட்ட முடியாது.

இந்தியாவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பார்க்கப்பட்ட முதல் போர் 1999ஆம் ஆண்டின் கார்கில் போர். பாயிண்ட் 5140 என்ற சிகரத்தைக் கைப்பற்றிய பின் 24 வயது கேப்டன் விக்ரம் பத்ரா தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் பேசிய காட்சியை அன்று பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். “யே தில் மாங்கே மோர்” (இந்த மனம் இன்னும் வேண்டும் என்கிறது) என்று அவர் சொன்ன வாசகம் அந்நாளில் குளிர்பான விளம்பரத்தில் ஒலித்துக்கொண்டிருந்த வரி. கல்லூரி வளாகங்களில் இளைஞர்கள் விளையாட்டாகச் சொல்லித் திரிந்த வரியை, பனிமலையில் தாடி வளர்ந்த முகத்தோடு ஒருவர் சொல்லிச் சிரித்தபோது, அவர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பது விளக்கம் இல்லாமலே விளங்கியது. 1999 ஜூலை 7 அன்று பாயிண்ட் 4875 சிகரத்தில் அவர் வீரமரணம் அடைந்தார். பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய நிழற்படங்கள் பல உள்ளன. ஆனால் அந்தச் சில நொடிகளின் உற்சாகக் குரல் இல்லாமல் இருந்திருந்தால், அவரை நாம் அறிந்திருக்கும் விதமே வேறாக இருந்திருக்கும்.

காணொளிக்கு ஒரு குறையும் உண்டு. அது ஓடிக்கொண்டே இருப்பதால் எதன்மேலும் கண்ணை ஊன்ற விடுவதில்லை. வெடிச்சத்தமும் இசையும் சேர்ந்தால் பார்ப்பவர் சிந்திப்பதை விட்டுவிட்டுக் கிளர்ச்சியில் ஆழ்ந்துவிடுகிறார். சிப்பாய்களின் தலைக்கவசக் கேமராக்களில் பதிவான சண்டைக் காட்சிகளில் இது மிகுதி. துப்பாக்கி தெரியும், புகை தெரியும், மூச்சிரைப்பு கேட்கும். கேமராவை அணிந்தவருடைய முகம் மட்டும் தெரியாது. யாருடைய கண்ணால் பார்க்கிறோமோ அவரையே பார்க்க முடியாமல் போவது இக்காட்சிகளின் பெரிய இழப்பு.

இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தியவர்கள் உண்டா?

டிம் ஹெதரிங்டன் என்ற ஆங்கிலேயர் இதை நன்றாகச் செய்தார். ஆப்கானிஸ்தானின் கோரங்கல் பள்ளத்தாக்கில் இருந்த அமெரிக்கக் காவல் நிலையில் 2007, 2008 ஆண்டுகளில் பலமுறை தங்கினார். பதுங்கு குழியில் களைத்துச் சாய்ந்து முகத்தில் கை வைத்திருந்த ஒரு சிப்பாயை அவர் எடுத்த படம், 2007ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வு பெற்றது. நான் அதைவிட உயர்வாகக் கருதுவது, அதே இளைஞர்கள் பகல் வேளையில் உறங்கும்போது அவர் எடுத்த படங்களை. கவசமும் தலைக்கவசமும் இறங்கி, வாய் லேசாகத் திறந்து, முழங்காலை மடக்கிக் குறுகிப் படுத்திருக்கும் அவர்களைப் பார்க்கும் எந்தத் தாயும் தன் பிள்ளையைத்தான் பார்ப்பாள். விழித்திருக்கும்போது ஒவ்வொருவரும் சிப்பாயாக இருக்க முயல்கிறார். உறக்கத்தில் அந்த முயற்சி நின்றுபோய் வயது மட்டும் மிஞ்சுகிறது.

அந்த உறங்கும் முகங்களின் மேல் சண்டைக் காட்சிகளும் ஓசைகளும் படியும்படி 2009இல் ஒரு காணொளியையும் அவர் உருவாக்கினார். அசையாத முகத்தையும் அசையும் போரையும் ஒரே திரையில் பார்க்கும்போது, அந்த இளைஞர்கள் ஊர் திரும்பிய பிறகு எந்தக் கனவுகளோடு உறங்கப் போகிறார்கள் என்ற கவலை தானாக எழுகிறது. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் குண்டு வீச்சில் ஹெதரிங்டன் கொல்லப்பட்டார்.

ஸ்டுடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட படங்களில் கதை ஏதும் உண்டா?

நிறைய உண்டு. பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்தில் படைக்குப் போகும் இளைஞர்கள் வீட்டாருக்கு விட்டுச்செல்வதற்காகத் தகட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டார்கள். இரும்புத் தகட்டிலோ கண்ணாடியிலோ நேரடியாகப் பதியும் அந்தப் படங்களுக்கு நெகட்டிவ் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான். கண்ணாடியில் தெரிவதுபோல் உருவம் இடம் வலம் மாறிப் பதியும். இடுப்பு வாரின் உலோகக் கொக்கியில் உள்ள எழுத்துகள் திருப்பித் தெரிவதையும், சட்டைப் பொத்தான் தவறான பக்கத்தில் இருப்பதையும் அவற்றில் காணலாம். பளபளக்க வேண்டும் என்று பொத்தான்களுக்குப் பொன்வண்ணமும், கன்னங்களுக்கு இளஞ்சிவப்பும் கையால் தீட்டுவார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு லில்ஜென்குவிஸ்ட் குடும்பத்தார் கொடையளித்த தொகுப்பில் இத்தகைய படங்கள் பெருமளவில் உள்ளன; அவற்றில் மிகப் பலவற்றில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை. மீசை அரும்பாத முகம், தோள் நிறையாத சீருடை, இறுகப் பிடித்த துப்பாக்கி எல்லாம் தெளிவாக இருந்தும் பெயர் மட்டும் போய்விட்டது. பின்புறம் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அது ஒரு வாழ்க்கையாக இருந்திருக்கும்.

மற்றொரு எடுத்துக்காட்டு 1969 ஜூன் 27 தேதியிட்ட லைஃப் இதழ். வியட்நாமில் ஒரே வாரத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட 242 அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட அனைவருடைய உருவப்படங்களையும் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு அது வரிசையாக அச்சிட்டது. பெரும்பாலும் வீட்டார் கொடுத்த படங்கள்: பள்ளி நிறைவுப் படம், பயிற்சி முடித்தவுடன் சீருடையில் எடுத்த படம். ஒரு துளி இரத்தம் இல்லை. சிலர் சிரிக்கிறார்கள். நாளேடுகளில் வாரந்தோறும் எண்ணிக்கையாகப் படித்துவந்ததை முகங்களாகப் பார்க்க நேர்ந்த வாசகர்கள் அதிர்ந்துபோனார்கள். போரைப் பற்றிய மனப்போக்கை மாற்றிய இதழ்களில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

படத்தில் இருக்கும் கதை பொய்யாகவும் இருக்கலாமா?

இருக்கலாம், படம் உண்மையாக இருந்து கதை மட்டும் பொய்யாக இருப்பது அதிகம்.

1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தவுடன், புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழுவினர் களத்துக்கு வந்தார்கள். இரு பாறைகளுக்கு நடுவே கல் அடுக்கிய மறைவிடத்தில் இறந்து கிடக்கும் தென்தரப்பு இளைஞர் ஒருவரின் படம் அவர்கள் எடுத்தவற்றுள் மிகப் புகழ் பெற்றது. 1866இல் வெளியிட்ட தொகுப்பில், மறைந்திருந்து சுடும் வீரன் தன் மறைவிடத்தில் தனியே கிடந்து உயிர்விட்டான் என்ற உருக்கமான கதையை அப்படத்துக்குக் கார்ட்னர் எழுதினார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதை எவரும் ஐயுறவில்லை. பின்னர், அதே உடல் சற்றுத் தொலைவில் வேறு இடத்தில் கிடப்பதாக எடுக்கப்பட்ட படங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 1975இல் வில்லியம் ஃபிரசானிட்டோ வெளியிட்ட ஆய்வு இதை விரிவாக நிறுவியது. உடலைத் தூக்கி வந்து பாறையிடுக்கில் கிடத்தியிருக்கிறார்கள். அருகில் சாய்த்து வைத்த துப்பாக்கியும் மறைந்து சுடுவோர் பயன்படுத்தும் வகை அல்ல. அந்த இளைஞர் இறந்தது உண்மை, வயது உண்மை, முகம் உண்மை. அவருடைய கதை மட்டும் அவருடையது இல்லை. இறந்தவரால் மறுக்க முடியாது என்பதால் இதை நான் சிறு பிழையாக எண்ண மாட்டேன்.

நம் காலத்தில் விதிகள் கடுமையானவை. 2003இல் ஈராக்கின் பாஸ்ரா நகருக்கு அருகே ஒரு பிரிட்டிஷ் சிப்பாயும் பொதுமக்களும் இருக்கும் இரு படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்து அனுப்பிய பிரையன் வால்ஸ்கி என்ற அனுபவம் மிக்க கலைஞரை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் உடனே பணிநீக்கம் செய்தது. கூட்டத்தில் ஒரே ஆள் இரண்டு இடங்களில் தெரிந்ததை மற்றொரு நாளிதழில் கவனித்ததால் அது வெளிப்பட்டது.

இராணுவமும் அரசும் எதைக் காட்ட அனுமதிக்கின்றன?

காலத்துக்குக் காலம் மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் உடல்களைக் காட்டும் படங்களை அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் நெடுநாள் தடுத்து வைத்திருந்தார்கள். நியூ கினியாவின் பூனா கடற்கரையில் மூவர் இறந்து கிடப்பதை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த படம் பல மாதப் போராட்டத்துக்குப் பின் 1943 செப்டம்பரில் லைஃப் இதழில் வந்தது. அதிலும் எவருடைய முகமும் தெரியாது. போரில் இறந்தவர்களின் சவப்பெட்டிகள் வந்திறங்கும் அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் 1991 முதல் ஊடகங்கள் படமெடுக்கத் தடை இருந்தது. 2009இல் அந்தத் தடை நீங்கி, குடும்பத்தார் ஒப்புக்கொண்டால் எடுக்கலாம் என்ற முறை வந்தது. முடிவை அரசிடமிருந்து எடுத்துக் குடும்பத்திடம் கொடுத்த அம்மாற்றம் சரியானது என்றே நினைக்கிறேன்.

படைப்பிரிவோடு தங்கிப் பணியாற்றும் செய்தியாளர்கள் விதிமுறைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். உடன் உண்டு, உடன் உறங்கி, அவர்களுடைய பாதுகாப்பிலேயே உயிர் வாழ்வதால் சிப்பாய்களின் கதை நெருக்கமாகக் கிடைக்கிறது. துப்பாக்கியின் மறுபக்கத்தில் இருக்கும் ஊராரின் கதை அதே அளவில் கிடைப்பதில்லை. மேலே நான் புகழ்ந்த ஹெதரிங்டனின் பணிக்கும் இந்த எல்லை உண்டு.

குடும்பத்தார் மறுத்தால் படத்தை வெளியிடலாமா?

2009 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணத்தில் 21 வயது மரைன் ஒருவர் படுகாயமுற்றுக் கிடந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஜூலி ஜேக்கப்சன் படமெடுத்தார். அந்த இளைஞர் பின்னர் இறந்துவிட்டார். அடக்கம் முடியும் வரை காத்திருந்து, தந்தையிடம் படங்களைக் காட்டிய நிறுவனம், அவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பின்னும் வெளியிட்டது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் நேரடியாகக் கேட்டுக்கொண்டதையும் அது ஏற்கவில்லை. போரின் விலையை மக்கள் அறிய வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம், விதிமுறைகளும் மீறப்படவில்லை.

அந்த வாதத்தின் வலிமையை நான் ஒப்புக்கொள்கிறேன். இறப்பே இல்லாத போரைக் காட்டுவதும் பொய்தான். இருந்தாலும் பெயரோடு, முகத்தோடு, அடக்கம் முடிந்த ஈரம் காய்வதற்குள் அந்தப் படம் வெளிவர வேண்டிய கட்டாயம் எனக்குப் புலப்படவில்லை. அதே நிறுவனம் அந்த இளைஞர் அன்று காலை ரோந்து போனதையும், பின்னர் தோழர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தியதையும் படங்களாக வைத்திருந்தது. கதையைச் சொல்ல அவையே போதுமானவை.

சிப்பாய்கள் தாங்களே எடுக்கும் படங்களையும் காணொளிகளையும் எப்படிப் பார்ப்பது?

அவை மதிப்பு மிக்கவை. வெளியாள் எவரும் நுழைய முடியாத இடத்தில், எவரும் நடிக்கத் தேவையில்லாத நேரத்தில் எடுக்கப்படுபவை. தோழர்களின் கேலி, முடிவெட்டிக்கொள்வது, பொழுது போகாமல் கல்லெறிந்து விளையாடுவது போன்ற, செய்தியாளர் கண்ணுக்குத் தப்பிவிடுபவை எல்லாம் அவற்றில் இருக்கும்.

ஆனால் ஆபத்தும் அவற்றில்தான் அதிகம். கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்ந்து பதியக்கூடும். 2007இல் ஈராக்கில் ஒரு தளத்துக்கு வந்திறங்கிய ஹெலிகாப்டர்களைச் சிப்பாய்கள் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். படங்களில் ஒளிந்திருந்த இடக்குறிப்பை வைத்து எதிரிகள் குறிபார்த்து நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்துவிட்டதாக அமெரிக்க இராணுவமே பின்னர் விளக்கியது. இந்திய இராணுவம் 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளைப் படையினர் தங்கள் கைப்பேசியிலிருந்து நீக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பிள்ளை அனுப்பிய படத்தைப் பெருமையோடு முகநூலில் போடும் பெற்றோரும் உறவினரும், அதில் முகாமின் பெயர்ப்பலகையோ வண்டியின் எண்ணோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். பணியில் இருக்கும் வரை போடாமலே இருப்பது இன்னும் நல்லது.

எங்கள் வீட்டில் படையில் பணியாற்றியவரின் கதையைப் பதிவுசெய்ய விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

இருக்கும் படங்களிலிருந்து தொடங்குங்கள். டிரங்குப் பெட்டியிலும் ஆல்பத்திலும் இருப்பவற்றை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். பழைய படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் தெரியும்; மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுவது பாதுகாப்பானது. கைப்பேசியால் படம்பிடிப்பதாக இருந்தால் வெயில் நேரடியாக விழாத சன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள், பின்புறத்தையும் எடுங்கள்.

அதன் பிறகு காணொளிப் பேட்டி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில், வெட்டி ஒட்டாத அரை மணி நேரப் பேட்டியாவது வேண்டும் என்று கேட்கிறார்கள். நாமும் அதைப் பின்பற்றலாம். கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். படம் சற்று மங்கினாலும் கதை நிற்கும், குரல் கேட்காவிட்டால் நிற்காது. எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆள்சேர்ப்பு முகாமுக்கு யாரோடு போனீர்கள், முதல் இரவு உறக்கம் வந்ததா, பயிற்சியில் எதைக் கண்டு பயந்தீர்கள், வீட்டிலிருந்து வந்த கடிதத்தை எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எது மாறியிருந்தது என்று கேளுங்கள். ஒரு படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பேச்சு தானாக வரும். படத்தில் பக்கத்தில் நிற்பவரைப் பற்றி அவர் முதலில் பேசத் தொடங்குவதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அவர் மௌனமாகிவிட்டால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருங்கள். கண் கலங்கி, போதும் என்று கையசைத்தால் பதிவை நிறுத்திவிடுங்கள். எதை வெளியிடலாம், எது வீட்டாருக்கு மட்டும் என்பதை அன்றே அவரிடம் கேட்டு, பதிவின் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.